ஒன்றே முக்கால் வினாடி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்க நாங்க சுகம். நீ சுகமான்னு கேக்கவே பயமா இருக்கு, ஆனாலும் கேக்குறேன். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற. எடுத்தாலும் "ம்"முங்கிற. அதான் கடுதாசி. உன்னை மாதிரி எழுத எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், படிச்சுக்கோ.

குழந்தை பொறந்து இன்னியோட நாப்பது நாள். அவ அம்மா போயும் அதே நாப்பது நாள். ரெண்டையும் ஒரே வாயால எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பஸ் ஸ்டாண்டுல குழந்தையை என் கையில குடுத்துட்டு, பையோட ஜிப் மூடியிருக்கான்னு ரெண்டு தடவ பாத்த. அது மூஞ்சியை ஒரு தடவ பாக்கல. அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. இப்பவும் சொல்லல.

நேத்து தடுப்பூசி போடப் போனோம். நர்ஸ் அட்டையை எடுத்துக்கிட்டு, "பேர் என்னம்மா?"ன்னா. "பாப்பா"ன்னேன். "பாப்பா சரி, பேரு?"ன்னா. பின்னாடி பதினஞ்சு பேர் நிக்கிறாங்க. "அவங்க அப்பா எழுதி அனுப்புவாரு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எழுதி அனுப்புப்பா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். மாமாவின் முட்டிவலி இப்போது எப்படி?

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நான் நகர மன்றத்தில் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். "குழாய்" என்று சொல்லி முடித்துவிட்டேன். சரியாகச் சொல்கிறேன்.

மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள மேசை. அதன்மேல் இரண்டு பதிவேடுகள், பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று. இரண்டையும் எழுதுவது ஒரே அம்மா, ஒரே பேனாவில். மாதக் கடைசியில் அந்த அம்மா வார்டுக்கு ஒரு தாள் எழுதி மாடிக்கு அனுப்புவார். தண்ணீர்ப் பிரிவு என்ஜினியர், அதாவது நான், பிறந்தவர்களைக் கூட்டி இறந்தவர்களைக் கழித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்படிதான் அந்த வார்டின் வால்வை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவாகும்.

எங்கள் வார்டில் 4,218 தலைகள். தலைக்குத் தொண்ணூறு லிட்டர். வால்வு காலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். வகுத்துப் பார்த்தேன். ஒரு தலைக்கு ஒன்றே முக்கால் வினாடி. ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட இல்லை. வால்வுக்காரர் கையில் கடிகாரத்தோடு நின்று அதைக் கொடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்.

இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம். இந்த வகுத்தலை இதுவரை நான் செய்ததில்லை.

வீட்டுத் தொட்டி தினமும் காலையில் வழிகிறது. நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை கெட்டுவிட்டது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "தண்ணி என்ஜினியர் வீட்டுத் தொட்டியே வழியுது, நாங்க யார்கிட்டப் போய் மனு குடுக்க?" என்கிறார். மாற்ற வேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

கடுதாசி வந்துச்சு. மாமாவோட முட்டி அப்படியேதான் இருக்கு, கேட்டதுக்குச் சந்தோஷப்பட்டாரு.

ரெண்டு தடவ படிச்சேன். வால்வு இருக்கு, தொட்டி இருக்கு, டெய்லரம்மா தலை இருக்கு. உன் பொண்ணு இல்ல. எங்க விட்டுட்ட?

சரி, நான் சொல்றேன். இப்ப சிரிக்கிறா. ஆனா சும்மா சிரிக்க மாட்டா. முதல்ல நம்மள மேலயும் கீழயும் பாப்பா, வேலைக்கு எடுக்கலாமா வேணாமாங்கிற மாதிரி. அப்புறம்தான் சிரிப்பு. மாமா அவளுக்கு மேனேஜர்னு பேர் வச்சுட்டாரு. தெருவே இப்ப மேனேஜர்னுதான் கூப்பிடுது. நீ சீக்கிரம் ஒரு பேர் சொல்லலைன்னா அட்டையிலயும் அதையே எழுதிருவாங்க.

உடம்பைப் பாத்துக்கோ. மிதவையை மாத்து.

அக்கா


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

ஆறு வாரமாச்சு, பதில் இல்ல. நீ நல்லா இருக்கேன்னு நாங்களா நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

மேனேஜர் குப்புற விழுந்துட்டா. விழுந்துட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி எங்களை முறைச்சா.

ஒரு வரியாவது போடு.

அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலம்தானே?

ஆகஸ்டில் பழைய வார்டுத் தாள்களை ஒழுங்குபடுத்தினேன். மே மாதத் தாள் கையில் வந்தது. எங்கள் வார்டு. பிறப்பு 1. இறப்பு 1. நிகர மாற்றம் என்ற கட்டத்தில் "மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து.

என் கையெழுத்து, அக்கா. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மேசையில் இருபத்தொரு தாள் இருந்தது. இருபத்தொன்றிலும் கூட்டிக் கழித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒன்று எது, அந்த இன்னொன்று எது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. கணக்கு சரிதான். மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

கீழே போய்ப் பிறப்புப் பதிவேட்டைக் கேட்டேன். பதிவேட்டம்மா என்னை ஒன்றும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நாள், நேரம், பெண், தாய் பெயர், தகப்பன் பெயர். குழந்தை பெயர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு பென்சில் புள்ளி.

"இது என்னம்மா?"

"பேர் வராத குழந்தைக்கு ஒரு புள்ளி வைப்பேன், சார். பதிவேட்டுல பென்சில் படக்கூடாதும்பாங்க. வெறுமனே விட்டா நம்மள யாருமே நினைக்கலைன்னு இருக்கும் பாருங்க, அதுக்கு. பேர் வந்ததும் அழிச்சிட்டு மையில எழுதுவேன். ஒரு வருஷத்துக்குள்ள வந்தா என் கையெழுத்தே போதும். தாண்டிட்டா மன்றத் தீர்மானம் வேணும்."

"மொத்தம் எத்தனை புள்ளி?"

"உங்களோட சேர்த்துப் பதினொண்ணு."

மாடிக்கு ஏறி வந்தேன். பன்னிரண்டு படி. பேர் இல்லாவிட்டாலும் அந்தப் பதினொன்றையும் தலை என்றே எண்ணி, இந்த ஊர் ஒவ்வொரு நாளும் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வால்வுக்காரருக்குத் தெரியாது. மன்றத் தலைவிக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்ட எனக்கே தெரியாது. ஆனாலும் போகிறது.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி


அக்டோபர் 5

தம்பிக்கு,

உன் கடுதாசியை மாமா சத்தமா படிச்சாரு. "மாற்றம் இல்லை"ங்கிற இடத்துல நிறுத்திட்டு, கண்ணாடியத் துடைக்கப் போறேன்னு வெளிய போனவரு அரை மணி நேரம் வரல.

அந்த அம்மாவுக்கு நான் கும்பிட்டதாச் சொல்லு. நாம விட்டுட்ட இடத்துல அவங்க ஒரு புள்ளியாவது வச்சாங்க.

நீ முதல் தடவையா "அந்த ஒன்று"ன்னு எழுதியிருக்க. அதையே பெருசா எடுத்துக்குறேன். ஆனா ஏம்ப்பா பேர் வைக்கல? கோவமா? அவ மேலயா, குழந்தை மேலயா, எங்க மேலயா? கோவம்னா சொல்லித் தொலை, வாங்கிக்கிறேன். ஒண்ணும் சொல்லாம இருக்குறதுதான் தாங்கல.

இங்க எல்லாரும் நலம். மேனேஜர் உட்காரப் பழகுறா. நாலு எண்ணுறதுக்குள்ள சாயுறா.

அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. எழுதுவேன்.

போன வாரம் மன்றக் கூட்டத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். எங்கள் மேலதிகாரிக்குக் காய்ச்சல், என்னை அனுப்பினார். நீள்வட்ட மேசை, இருபத்தொரு உறுப்பினர்கள், தலைவி கையில் ஒரு சின்ன மணி. அன்றைக்கு முப்பத்தேழு பொருள். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு விளக்கு. இடுகாட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். நூலகத்தில் ஒழுகும் மூலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். கை தூக்குகிறார்கள், தலைவி மணியைத் தட்டுகிறார், எழுத்தர் எழுதுகிறார். அந்த விளக்கின் கீழ் இனி எத்தனை பிள்ளைகள் நடக்கும் என்று நினைத்தேன். தூக்கிய கையில் பாதிக்கு மேல் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்த கை. அப்படியும் விளக்கு எரியப்போகிறது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் போல, பக்கத்தில் இருந்த சுகாதார ஆய்வாளர், "சார், ஈ பூந்துரப் போவுது" என்றார்.

இருபத்து மூன்றாவது பொருள், தண்ணீர். பதினான்காம் வார்டு உறுப்பினர் எழுந்தார். அவர் மைக்கைத் தொடவே மாட்டார், தேவையுமில்லை. எல்லோரும் ஒலிபெருக்கி என்றுதான் சொல்வார்கள்.

"என் வார்டுல குழாய் இருமுதும்மா, தண்ணி வரல! பொம்பளைங்க குடத்தோட என் வீட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க. இங்க கீழ பதிவேட்டைப் பாத்தா பேரே இல்லாத பதினோரு தலைக்கு தினம் தண்ணி போகுது!"

"பதினோரு பச்சப்புள்ளைங்க குடிச்சா உன் வார்டு வறண்டுச்சு?" என்றார் எதிரே இருந்தவர். சிரிப்பு.

"புள்ளைங்க இருந்தா குடிக்கட்டும்யா, நானே ஊட்டிவிடுறேன்! இருக்கான்னே தெரியாதுங்கிறேன். பேர் இல்ல, ஆள் இல்ல, தலை மட்டும் இருக்கு!"

தலைவி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். கையிலிருந்த தாளைப் புரட்டினேன்.

தீர்மானம் இதுதான்: பதினொரு பதிவையும் தண்ணீர்ப் பிரிவு என்ஜினியர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தை இந்த ஊரில் இல்லையென்றால் அந்தத் தலையைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மார்ச் கூட்டத்தில் அறிக்கை. பதினெட்டுக் கை தூக்கியது.

நியாயமான தீர்மானம், அக்கா. நானாக இருந்தாலும் கை தூக்கியிருப்பேன்.

தம்பி


டிசம்பர் 20

தம்பிக்கு,

சுகம். மேனேஜருக்குக் கீழ ஒரு பல் வந்திருக்கு. மாமா விரலக் கடிச்சுட்டு, அவரு கத்தினதும் திருப்பி ஒரு கத்து.

தீர்மானத்தப் படிச்சேன். பத்து வீட்டுக்கு நீ நடந்து போயிருவ. பதினொண்ணாவதுக்கு பஸ் ஏறணும்.

உன் பொண்ணை அந்த ஊர்லேருந்து நீக்குறதுக்கு நீயே கையெழுத்துப் போடுவியா? எனக்கு அது மட்டும் சொல்லு.

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். அது உண்மையில்லை. இனி எழுதவில்லை. நீங்கள் நலம்தானே?

பத்து வீட்டுக்கும் போய்விட்டேன். பத்துக் குழந்தையும் இருக்கிறது. ஒரு வீட்டில், "பேரா? ஆஸ்பத்திரியிலயே எழுதிருப்பாங்கல்ல?" என்றார்கள். ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்கு எழுதிவிட்டு மற்றதற்கும் எழுதியாயிற்று என்று நினைத்துவிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் வீட்டில் மாமியார் ஒரு பேர், மருமகள் ஒரு பேர். "இதுல எது சார் நல்லாயிருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி ஓடி வந்தேன். ஒரு மெக்கானிக் சிரித்தார். "பேர் இல்லாமலா? நாப்பது இருக்கு சார். எதை எழுதப் போறீங்க?" அந்தக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நாற்பதில் பாதியைச் சொல்லிக் காட்டினார். குழந்தைக்கு நல்ல கனம். நான் அதன் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தில் இரண்டு புள்ளி ஒலிபெருக்கியின் சொந்த வார்டில். அந்தத் தெருவில் நடந்தபோது காலடியில் தார் லேசாக மேடு தட்டியது. வால்வுக்காரரை அழைத்துக் கொத்திப் பார்த்தால் உள்ளே ஒரு வால்வு, பாதி மூடியபடி. ரோடு போட்டவர்கள் அதன் மேலேயே தார் ஊற்றியிருக்கிறார்கள், எத்தனை வருடமோ. முழுக்கத் திறந்தோம். அவருடைய குழாய் இருமியது அதனால்தான்.

இப்போது நீ கேட்டதற்கு.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆறாம் மாதத்திலிருந்து நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன், அகரவரிசையில். அவள் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். "மூஞ்சியப் பாக்காம பேர் வைக்கிறதாம், உங்க ஆபீஸ் தாளா இது? பொறக்கட்டும். நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். அன்றைக்கு அவள் பார்த்தாள், அக்கா. நர்ஸ் சொன்னார். நெஞ்சில் போட்டதும் பார்த்தாளாம், உதடு அசைந்ததாம், ஏதோ சொன்னாளாம். என்ன என்று நர்ஸுக்குக் கேட்கவில்லை. நான் வெளியில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

அவள் ஒரு பேர் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் வேறொன்று எழுதினால் அது அடித்தல் திருத்தல் மாதிரி இருக்கும். அதனால்தான் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்லியாக வேண்டும்.

பதினோராவது வரியை என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

இதை ஏண்டா ஒம்போது மாசம் நெஞ்சுல போட்டு வச்சிருந்த?

நான் ரெண்டு பெத்தவ, ஒண்ணு சொல்றேன் கேளு. குழந்தையை நெஞ்சுல போட்டதும் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. உன் மாமாவைக் கேட்டா "அய்யோ எவ்வளவு சின்ன மூக்கு"ன்னு சொன்னேனாம். அவ பேர்தான் சொன்னாளோ, மூக்கைத்தான் சொன்னாளோ. அது அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல நடந்த பேச்சு. அதுல நீயும் இல்ல, நானும் இல்ல. விடு.

அவ உன்கிட்ட சொல்லிட்டுப் போனது ஒண்ணுதான். மூஞ்சியப் பாத்துட்டு வைக்கணும்னு. அத நீ இன்னும் செய்யல.

எல்லாரும் சுகம். மேனேஜர் தவழ்ந்து வாசல் வரைக்கும் போறா. யாரையோ எதிர்பாக்குற மாதிரி நிக்குறா. தபால்காரரைத்தான். அவர் சைக்கிள் மணி பிடிக்கும்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நேற்று கூட்டம். அங்கே நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அறிக்கையைப் படித்தேன். பத்து வரி வரைக்கும் குரல் ஒழுங்காக வந்தது. "பதினோராவது பதிவு. குழந்தை தற்போது இந்த ஊரில் இல்லை."

"அப்ப நீக்கிர வேண்டியதுதானே, அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார் யாரோ.

"இருங்க" என்றது ஒலிபெருக்கி. "யார் வீட்டுக் குழந்தை? எங்க இருக்கு?"

"வெளியூரில், அதன் அத்தை வீட்டில். தாய் இல்லை. தகப்பன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை."

"யாருய்யா அந்தத் தகப்பன், பத்து மாசமா பாக்காதவன்?"

"நான்தான்."

தலைவி மணியைக் கையில் எடுத்தார், தட்டவில்லை. ஒலிபெருக்கி நின்றபடியே இருந்தார். பிறகு, அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தலைவியம்மா, பதினோராவது பதிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கணும்னு கேட்டுக்குறேன். அது வரைக்கும் அந்தப் புள்ள தண்ணி அது பாட்டுக்குப் போகட்டும்."

"தீர்மானம் கொண்டுவந்ததே நீங்கதானே?"

"ஆமாம்மா. இதுவும் நான்தான். என் தெருவுல குழாய் இருமறது நின்னுருச்சு, இன்னும் எதுக்கு நான் கத்தணும்?"

இருபத்தொரு கை. கொட்டாவியை மறைத்துக்கொண்ட கை ஒன்றுகூட இல்லை. இடுகாட்டுத் தாழ்ப்பாளுக்கும், நூலகத்து மூலைக்கும் தூக்கிய அதே கைகள், ஒன்றே முக்கால் வினாடிக்காக மேலே நின்றன. எழுத்தர் எழுதினார். எண்ணிட்டார். இனி அதை யாரும் அழிக்க முடியாது. நான் உட்கார மறந்துவிட்டேன். சுகாதார ஆய்வாளர்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பட்டியலைக் கொண்டுவரவில்லை. பேர் என்ன என்று வாசலிலேயே கேட்காதே. முதலில் பார்க்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். பல் இப்போது நான்கு.

இத்துடன் பிறப்புச் சான்றிதழின் நகல் இருக்கிறது. பேர் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அவளைப் பார்த்த அன்றைக்கே அது வந்துவிட்டது, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். தடுப்பூசி அட்டைக்கார நர்ஸிடம் நீயே கொண்டுபோய்க் காட்டு.

அவளைத் தூக்கிக்கொண்டுதான் கீழ்த்தளத்துக்குப் போனேன். பதிவேட்டம்மா ரப்பரை என் கையில் கொடுத்தார். புள்ளி லேசாக இருந்தது, ஒரே தேய்ப்பில் போய்விட்டது. தாளில் சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது, அதன் மேலேயே அவர் மையால் எழுதினார். அவள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். முடியவில்லை என்றதும் பதிவேட்டம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "வேலையில வச்சுக்கிட்டா போல" என்றார் அந்த அம்மா. பதினோராவது பதிவுக்கு எதிரே "குழந்தை ஊரில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பகலில் மன்றக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். அதுவும் ஒரு தீர்மானத்தில் வந்ததுதான், இருபது வருடத்துக்கு முன்னால். கை தூக்கியவர்கள் யாரென்றுகூட இப்போது யாருக்கும் தெரியாது. மதியம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மேனேஜர் என்றால்தான் திரும்புகிறாள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்று காலை அவளைக் குளிப்பாட்டினேன். அவளைக் கொஞ்சம், என்னை நிறைய. துணி ஒரு வாளி, தரை ஒரு வாளி, பால் பாத்திரம் தனி. வெளியே வந்து பார்த்தால் டெய்லரம்மா சுவருக்கு மேலே.

"என்ன சார், இன்னிக்குத் தொட்டி வழியல? ஊருக்கே தண்ணி வரலையா?"

"வந்துச்சும்மா. வீட்டுல ஆள் வந்தாச்சு."

மிதவையை இன்னும் மாற்றவில்லை.

தம்பி